மரித்தோர் எழுவார்கள்: அது உங்களுக்கு எப்போது நிஜமாயிற்று?

பாளையங்கோட்டையிலிருந்து:

கல்லறைத் திருநாள் முடிந்து இரண்டு நாளாகிறது. நவம்பர் 2 அன்று அம்மாவின் கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருக்கிறது. நான் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களும் சொல்லுங்கள்.

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. பனையோலையில் பெட்டி முடைந்து எங்களைப் படிக்க வைத்தவர். கடைசிப் பத்து வருடம் சரவாங்கி என்கிற மூட்டுவாதம் வந்து விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகக் கோணிவிட்டன. தேநீர்த் தம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அணைத்துத்தான் குடிப்பார். இறந்த அன்று அக்காவும் மயினியும் (அண்ணன் மனைவி) குளிப்பாட்டி வெள்ளைச் சேலை கட்டினார்கள். கைகளை நெஞ்சின் மேல் கோத்து வைக்கப் பார்த்தார்கள், விரல்கள் கோக்க வரவில்லை. அப்படியே ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார்கள்.

துக்கத்துக்கு வந்த ஒரு பெரியவர், "ஆத்துமா கர்த்தர்கிட்ட போயிட்டு. இது வெறும் கூடுதானே, அழாத" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அந்த வார்த்தை குத்தியது. எனக்குத் தெரிந்த அம்மா அந்தக் கைதான். அதைக் கூடு என்று எப்படி ஒதுக்குவது?

கல்லறைத் தோட்டத்தில் ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) பவுல் எழுதின 1 கொரிந்தியர் 15-ஐ வாசித்தார். எத்தனையோ அடக்க ஆராதனையில் கேட்ட அதிகாரம். "பலவீனமுள்ளதாய் விதைக்கப்படும், பலமுள்ளதாய் எழுந்திருக்கும்" என்ற இடம் வந்தபோது பெட்டி மூடி, கயிறு கட்டி ஆயிற்று. புதைக்கப்படும் என்று பவுல் எழுதவில்லை, விதைக்கப்படும் என்கிறார். அன்றுதான் அந்தச் சொல் எனக்குக் கேட்டது. தலை மேற்கே, கால் கிழக்கே இருக்கும்படி பெட்டியை இறக்கினார்கள். கர்த்தர் வரும் நாளில் எழுந்து நின்றால் முகம் கிழக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பழைய ஆட்கள் வைத்த வழக்கம் அது. எழுந்து நிற்க உடம்பு வேண்டும் அல்லவா? கூடு என்று விட்டுவிடும் நம்பிக்கையாக இருந்தால் திசை பார்த்து இறக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் நடந்தது. அம்மா புரட்டாசியில் வீட்டுக்குப் பின்னால் பாத்தி போட்டுப் பனங்கொட்டைகளை அடுக்கி மண் மூடியிருந்தார். ஐப்பசியில் இறந்துவிட்டார். எங்கள் யாருக்கும் அந்தப் பாத்தி ஞாபகமே இல்லை. தையில் மயினிதான் "அத்த போட்ட கெழங்கு கெடக்கே" என்றாள். தோண்டினேன். பனங்கொட்டையைப் பார்த்திருப்பீர்கள், நார் காய்ந்து, செத்த எலி மாதிரி கிடக்கும். அதிலிருந்து இறங்கின கிழங்கு முழ நீளத்துக்கு, வெள்ளையாக, மண்வாசத்தோடு வந்தது. பாத்தியிலேயே உட்கார்ந்து அழுதேன். விதைக்கிற உருவம் வேறு, எழும்புகிற உருவம் வேறு என்று பவுல் எழுதினதை அம்மா வருடா வருடம் கையால் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

தூத்தூர் பக்கத்திலிருந்து:

அண்ணா, உங்களுக்குக் கல்லறையாவது இருக்கிறது. நாங்கள் கத்தோலிக்கர்கள், கடற்கரை ஆட்கள். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். என் மூத்த அண்ணன் ஆழ்கடலில் இருந்தான். தங்கலுக்குப் போனால் வாரக்கணக்கில் கடலில்தான் இருப்பார்கள். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. எங்கள் கரையில் இப்படி எத்தனையோ வீடுகள்.

அம்மா ஒரு வருடம் இரங்கல் திருப்பலி வைக்கவே சம்மதிக்கவில்லை. ஏதாவது ஒரு நாட்டுக் கரையில் ஒதுங்கியிருப்பான், மொழி தெரியாமல் இருப்பான் என்பார். பிறகு படத்தை வைத்துத் திருப்பலி நடந்தது. அதற்கப்புறம் வந்த கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுதிரியோடு கல்லறைக்குப் போனது. சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார். எங்களுக்குத் தெளிக்க இடம் இல்லை. அம்மா கடற்கரைக்குப் போய், மணலைக் குழித்து, திரியை நட்டு, காற்றுக்கு ஒரு சிரட்டையை மறைவாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பங்குத்தந்தை அங்கேயே தேடி வந்தார். பெரிதாக எதுவும் சொல்லவில்லை. கடைசி நாளில் கடல் தன்னிடமுள்ள இறந்தவர்களைத் திரும்பக் கொடுக்கும் என்று வெளிப்பாட்டு நூலின் 20-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது என்றார். அம்மா நிமிர்ந்து, "கடலுண்ணு தனியா எழுதியிருக்கா?" என்று கேட்டார். "ஆமாம்மா, கடலைத்தான் முதலில் சொல்லியிருக்கிறது" என்றார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஒரு வரியை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

உயிர்த்த இயேசு விடியற்காலையில் கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டு, கடலில் இருந்த சீடர்களைக் கூப்பிட்டார் அல்லவா, யோவான் 21. அதையும் வாசித்துக் காட்டினேன். எங்கள் ஊரில் கரையில் காத்து நிற்பது பெண்கள். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணைக்கு அவரு நிப்பாரு, எனக்கு நிக்காண்டாம்" என்றார்.

சென்னையிலிருந்து:

நான் சாட்சி சொல்ல வரவில்லை. 2021 மே மாதம் கொரோனாவில் அப்பா போனார். முகம் பார்க்க விடவில்லை. உடலை உறையில் சுற்றி, கவச உடை போட்ட நான்கு பேர் இறக்கினார்கள். ஜெபம் ஐந்து நிமிடம். அன்றிலிருந்து, ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப்பிரமாணத்தில் "சரீர உயிர்த்தெழுதலும்" என்று வரும்போது எனக்கு வாய் நின்றுவிடுகிறது. சுற்றி இருப்பவர்கள் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறேன். ஆனாலும் ஆராதனைக்குப் போவதை நிறுத்தவில்லை. இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

வேலூரிலிருந்து:

நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பல வருடம் தொழுநோயாளிகளோடு வேலை செய்தேன். இந்த நோயின் கிருமி நரம்பைத்தான் தாக்கும். உணர்வு போய்விடும், சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது. அந்தக் காயங்களும் அதில் வரும் சீழும்தான் கொஞ்சம் கொஞ்சமாக விரலைத் தின்றுவிடும்.

வார்டில் வயதான ஒருவர் இருந்தார். இரண்டு கையிலும் சேர்த்து முழு விரல் என்று இரண்டுதான். ஈஸ்டர் ஞாயிறு முடிந்து கட்டு மாற்றும்போது கேட்டார்: "சிஸ்டர், உடம்போட எழுந்திருப்போம்னாரே ஐயர், அப்ப என் விரலெல்லாம் வந்துடுமா?" சட்டென்று ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உயிர்த்தெழுந்த இயேசுவின் கையில் ஆணிக்காயம் இருந்ததையும், சந்தேகப்பட்ட சீடர் தோமாவிடம் அதைக் காட்டினதையும் சொன்னேன். தழும்பைக் கர்த்தர் மறைக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். "தழும்பு இருந்தா இருக்கட்டும் சிஸ்டர். உணர்வு வரணும். பேரன் கையப் புடிச்சா புடிச்சிருக்கான்னு எனக்குத் தெரியணும்." நாற்பது வருடம் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். உயிர்த்தெழுதலைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் கேட்டதில்லை. அவரை அடக்கம் பண்ணியபோது அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுபடியும் பாளையங்கோட்டையிலிருந்து:

தூத்தூர்த் தங்கச்சி, உங்கள் அம்மா சொன்னதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். சிஸ்டர், அம்மாவின் விரல் கோக்க வராதது மூன்று வருடமாக எனக்குள் இருந்தது. இனி அதை வேறு மாதிரி நினைப்பேன்.

சென்னைத் தம்பிக்கு ஒன்று. லாசருவின் கல்லறைக்கு இயேசு போனபோது, கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார். அதனால் உங்கள் வாய் நிற்பது விசுவாசக்குறைவு என்று நான் எண்ணவில்லை. எங்கள் சபையில் ஈஸ்டர் அதிகாலை ஆராதனை கல்லறைத் தோட்டத்தில்தான் நடக்கும். இருட்டில் மெழுகுதிரியோடு அவரவர் ஆட்கள் கிடக்கும் இடத்தில் போய் நிற்போம். ஐயர் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்பார், "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று நாங்கள் சொல்லும்போது கிழக்கே லேசாக வெளுத்திருக்கும். வரமுடிந்தால் வாருங்கள், அம்மா பக்கத்தில் நில்லுங்கள். உங்களுக்கு வராத அந்த வரியை அதுவரை நான் உங்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்த வருடம் மயினி அறுபது கொட்டை போட்டிருக்கிறாள். தையில் தோண்டுவோம். உங்கள் மூன்று வீட்டுக்கும் அனுப்புகிறேன். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துச் சாப்பிடுங்கள்.