வன்னி கல்ச்சர் முடிவுகளை ஒன்றுசேர்க்க உதவி தேவை

வணக்கம் உறவுகளே. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆய்வுகூடங்களில் வேலை செய்பவர்களிடம் ஒரு உதவி. இரத்தத்தில் கிருமி ஏறியவருக்கு கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது, மருந்தை உடனே தொடங்கவேண்டும். எந்த அன்டிபயோட்டிக் கேட்கும் என்று ஊகிக்க எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை சதவீதம் கேட்கிறது என்ற நம் பகுதிக் கணக்குத்தான் கைகொடுக்கும். ஆனால் ஒரு கிருமிக்கு 30 மாதிரியாவது இருந்தால்தான் சதவீதத்தை நம்பலாம். சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் கிளெப்சியெல்லா போன்ற ஒரு கிருமி அத்தனை சேராது, அதனால்தான் எல்லோருடையதையும் சேர்க்கப் பார்க்கிறேன்.

இந்த முடிவுகளைப் பதிந்து கணக்கிடும் ஹூநெட் (WHONET) மென்பொருள் இலவசம், அது பிரச்சினையில்லை. சிக்கல் இதுதான்: வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றப்படும் நோயாளி இரண்டு இடத்திலும் பதிவாகிறார். ஒருவரின் அதே கிருமியை ஒருமுறைதான் எண்ணவேண்டும். பெயரோ அடையாள அட்டை இலக்கமோ வெளியே போகாமல் இந்த இரட்டைப் பதிவை எப்படிப் பிடிப்பது? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.