மூத்தோர் நலக் கொள்கை ஃபெல்லோஷிப்: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

பாளையங்கோட்டை மருத்துவர்:
முதியோருக்கான அரசு விதிகளையும் திட்டங்களையும் சீராக்கப் பயிற்சி தரும் இந்த ஃபெல்லோஷிப்பின் நேர்காணலில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் ஆச்சி ஒருவரைப் பற்றி நேர்காணல் குழுவிடம் சொன்னேன். காலமெல்லாம் இலை நறுக்கிச் சுருட்டியதில் கைரேகை தேய்ந்துபோய், 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியத்தை எடுக்கவிடாமல் வங்கி முகவரின் ரேகை சரிபார்க்கும் கருவி அவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கட்டைவிரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து அதன் மேல் வைப்பார். பணம் கைக்கு வராததால்தான் இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்தியிருந்தார். குழுவில் இருந்த அம்மையார் ஒருவர், "இதில் எந்த விதியை மாற்ற வேண்டும், அதற்கு யார் கையெழுத்திட வேண்டும்?" என்றார். இத்தனை ஆண்டுப் படிப்பில் இதை எனக்கு எவரும் கற்பித்ததில்லை.

அம்பாசமுத்திரம் செவிலியர்:
மருத்துவர் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் விதி தெரிந்துவிட்டால் மட்டும் முதியவரைத் தெரிந்துவிடாது. வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்காக நாங்கள் வீடு வீடாகச் சென்றபோது, இந்த ஃபெல்லோஷிப்பில் சேர்ந்திருந்த ஃபெல்லோ ஒருவர் உடன் வந்தார். பக்கவாதத்தில் கால் இழுத்துக்கொண்ட ஒரு தாத்தாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். "ஆத்துப் படித்துறைக்கு நானே நடந்துபோயிக் குளிக்கணும் தாயி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் தாத்தா. ஃபெல்லோவின் படிவத்தில் அதைக் குறிக்கக் கட்டமே இல்லாததால், அவர் அதை ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார். அந்த வரி மேலே போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தென்காசி பிசியோதெரபிஸ்ட்:
தேர்வாகியும் என் மருத்துவமனை விடுப்புத் தர மறுத்ததால் நான் சேர முடியாமல் போனது. என் கதை அவ்வளவுதான். செவிலியர் அக்கா சொல்வது ஒருபுறம் சரி, ஆனால் படிவத்தில் அந்தக் கட்டத்தைச் சேர்ப்பதே கொள்கை வேலைதான். 2017-ல் அமெரிக்காவில் தொடங்கிய முதியோர்க்கேற்ற மருத்துவ இயக்கம் (Age-Friendly Health Systems) தன் நான்கு தூண்களில் மருந்து, மனநிலை, நடமாட்டம் ஆகியவற்றோடு "அவருக்கு எது முக்கியம்" என்பதையும் வைத்திருக்கிறது. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் வயது வரம்பைப் பாருங்கள்: தமிழ்நாட்டு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் (ஃபெல்லோஷிப்) பொதுப் பிரிவினருக்கு 30 வயதோடு நின்றுவிடுகிறது. பணி அனுபவம் உள்ளவர்கள் சான்பிரான்சிஸ்கோவிலும் டப்ளினிலும் நடக்கும் மூளைநலச் சமத்துவ ஃபெல்லோஷிப்பைப் (Atlantic Fellows for Equity in Brain Health) பாருங்கள். பல நாட்டவரையும், மருத்துவர் அல்லாதவரையும்கூட அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 2008-ல் தொடங்கிய உடல்நலம், முதுமை பற்றிய கொள்கை ஃபெல்லோஷிப்பில் (Health and Aging Policy Fellows), வாஷிங்டனில் தங்கிப் பணியாற்றும் பிரிவோடு, இருக்கும் வேலையை விடாமல் சேரும் பிரிவும் உண்டு. அப்படியொரு பிரிவு இங்கேயும் இருந்திருந்தால் நான் சேர்ந்திருப்பேன். விண்ணப்பத்தோடு தரும் திட்டக் கட்டுரையில் முதுமை பற்றிப் பொதுவாக எழுதாதீர்கள். ஐயாவின் ஆச்சியைப் போல ஒருவரை எடுத்துக்கொண்டு, எந்தத் துறையின் எந்த ஆணை அவரைத் தடுக்கிறது என்று தேடி எழுதுங்கள். விடுப்புக்கான ஒப்புதலை மட்டும் விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.