மறு: கிரிட்டிகல் ஹேபிடட் – நெருக்கடி வாழிடமா, உய்விடமா?

குழுவினருக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூர் ஞாயிறு வகுப்பில் மாட்டப்போகும் சாலமாண்டர் (பல்லி உருவில் இருக்கும், தவளைக்கு உறவான பிராணி) பலகைகளில் வரைபடப் பலகை மட்டும் ‘கிரிட்டிகல் ஹேபிடட்’ என்ற அமெரிக்கச் சட்டச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் கிடைக்காமல் காத்துக் கிடக்கிறது. வந்த யோசனைகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

> கிரிட்டிகல் என்றால் நெருக்கடிதானே? ‘நெருக்கடி வாழிடம்’ என்று போட்டால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும்.

விளங்கும் ஐயா, தப்பாக விளங்கும். ஆஸ்பத்திரி வாசலில் ‘கிரிட்டிகல்’ என்று கேட்டுப் பழகிய காது நமக்கு. அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினங்கள் சட்டமோ, ஓர் இனம் தேறி வருவதற்கு எந்த நிலம் இல்லாமல் முடியாதோ அதைத்தான் இப்படி அழைக்கிறது. நிலம் செழிப்பாகவே இருக்கலாம்.

நம் பலகையில் வரும் ஹேமெஸ் மலைச் சாலமாண்டரையே பாருங்கள். நியூ மெக்சிகோவின் ஹேமெஸ் மலைகளில், பழைய எரிமலை வாய் ஒன்றின் விளிம்பைச் சுற்றி, ஏறத்தாழ 7,000 அடிக்கும் 11,200 அடிக்கும் இடைப்பட்ட காடுகளில் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. நுரையீரல் கிடையாது. தோல் வழியாகத்தான் மூச்சு, ஆகவே தோல் காய்ந்தால் கதை முடிந்தது. குளம் குட்டை எதுவும் அதற்கு வேண்டாம். முட்டையிடுவது மண்ணுக்கடியில், குஞ்சும் தலைப்பிரட்டையாக இல்லாமல் முழு உருவத்தோடே வெளிவருகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கும் ஒரு பருவமழை உண்டு. அந்த ஈரத்தை நம்பித்தான் மேலே வந்து எறும்பையும் வண்டையும் தின்கிறது. மற்ற மாதங்களில் வெடித்த பாறை இடுக்குகளிலும், வேர் உளுத்துப்போன துளைகளிலும், எலி வளைகளிலும் இறங்கிவிடும்.

மேலே இருக்கும் நாட்களில் அதற்கு வீடு, விழுந்து கிடக்கும் டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரம். நேற்று விழுந்த மரம் அவ்வளவாக உதவாது. உள்கட்டை செங்கல் நிறத்தில் துண்டு துண்டாக உதிரும் அளவுக்கு மக்கியிருந்தால் நல்லது. மேல்பக்கம் வெயிலில் பிளந்திருந்தாலும் மண்ணோடு ஒட்டிய அடிப்பக்கம் நனைந்தே கிடக்கும், அங்கேதான் ஒண்டிக்கொள்கிறது. இந்த வாழிடத்தை வரையறுத்த அமெரிக்க அரசின் அறிவிப்பில் இந்தக் கட்டைகளின் பருமனைக்கூடக் குறித்திருக்கிறார்கள்: குறுக்களவு 10 அங்குலமாவது இருக்க வேண்டும். உளுத்த மரத்துக்கு அளவு சொல்லும் சட்ட ஆவணம் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

ஆண்டின் பெரும்பகுதி கண்ணிலேயே படாத விலங்கு இது. வெறுமையாகத் தெரியும் காட்டுக்கடியில்தான் அது இருக்கிறது. அதற்கு ‘நெருக்கடி’ என்று பெயர் எப்படி வைப்பது?

> ‘காப்பிடம்’ போதாதா?

சரணாலய வாடை அடிக்கிறது. 2013 செப்டம்பரில் இந்தச் சாலமாண்டரை அருகிவரும் இனமாக அறிவித்து, நவம்பரில் சுமார் 90,700 ஏக்கரை அதன் கிரிட்டிகல் ஹேபிடட்டாக வரையறுத்தார்கள். வேலி போடவில்லை. நடுவண் அரசுத் துறை எதுவும் அங்கே வேலை செய்தாலோ, பணமோ அனுமதியோ கொடுத்தாலோ, நிலம் கெடாது என்பதை முதலில் மீன்–காட்டுயிர்த் துறையுடன் கலந்து உறுதிசெய்ய வேண்டும். அதுதான் இந்த எல்லையின் வேலை.

தொடாமல் விட்டாலும் இந்தக் காடு பிழைக்காது. நூறாண்டாகச் சிறு தீயையெல்லாம் அணைத்து அணைத்தே காட்டை அடர்த்தியாக்கிவிட்டார்கள். 2011இல் லாஸ் கான்சாஸ் தீ மூண்டபோது 1,50,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. நிழல் போனால் மண் காய்கிறது, மண் காய்ந்தால் சாலமாண்டருக்கு மேலே வர வழியில்லை. எனவே மரங்களை இடையிடையே வெட்டிக் கலைத்துவிடவும் வேண்டும், கட்டுப்பாட்டோடு தீ வைக்கவும் வேண்டும். அப்படிச் செய்யும்போதே மக்கிய கட்டைகள் எரிந்துவிடாமலும் இயந்திரங்கள் மண்ணை இறுக்கிவிடாமலும் பார்க்க வேண்டும். ‘காப்பிடம்’ என்ற சொல் இந்தச் சங்கடத்தை மூடி மறைத்துவிடும்.

> நம் சட்டத்திலேயே கிரிட்டிகல் டைகர் ஹேபிடட் இருக்கிறதே? அதற்குள்ள தமிழை எடுத்துக்கொள்ளலாமே?

அது 2006இல் நம் காட்டுயிர்ச் சட்டத்துக்குள் வந்தது. புலிக்காக மனித நடமாட்டமின்றி வைக்கவேண்டிய பகுதி. அந்தச் சொல்லோடு மலைக் கிராமங்களின் இடமாற்றமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். ஹேமெஸில் அந்தப் பேச்சே இல்லை. தவிர, ‘முக்கிய வாழ்விடம்’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது சப்பென்று இருக்கிறது. எந்த வாழிடம்தான் முக்கியமில்லை?

> உய்விடம்.

ஜாலஹள்ளி அக்கா ஒரே சொல்லில் எழுதி அனுப்பியது. உய்தல் என்றால் பிழைத்துத் தேறுதல். சட்டத்தின் நோக்கமே அதுதான். பக்திப் பாடல் போல ஒலிக்கிறது என்று சிலர் முகம் சுளிக்கலாம், எனக்கு அது குறையாகப் படவில்லை. ஆனால் ஒரு வழக்கு குறுக்கே வருகிறது. லூசியானாவில் கோஃபர் தவளை என்ற ஓர் அருகிவரும் தவளை இனத்துக்காக, அந்தத் தவளை இப்போது வாழாத தனியார் நிலத்தையும் எல்லைக்குள் சேர்த்தார்கள். விலங்கு இப்போது இல்லாத நிலத்தைச் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அப்படிச் சேர்க்கும் நிலம் முதலில் வாழிடமாக இருந்தாக வேண்டும் என்றது. எனவே ‘வாழிடம்’ என்ற பகுதியை நாம் உதிர்த்துவிட முடியாது.

என் முடிவு: உய்வாழிடம். உய்வாழிட எல்லை, உய்வாழிட அறிவிப்பு, உய்வாழிடப் பரப்பு என்று சிக்கலின்றி நீள்கிறது. ‘இன்றியமையா வாழிடம்’ பொருளில் இதைவிடத் துல்லியம்தான், ஆனால் வரைபடத்தின் மூலையில் அடங்காது. உய்வு, ஆழிடம் என்று யாராவது பிரித்துப் படித்தால்? பாறை இடுக்கில் கிடக்கும் பிராணிக்கு அதுவும் பொருந்தும், விடுங்கள்.

மற்றவை: ‘நுரையீரலற்ற சாலமாண்டர்’ அப்படியே இருக்கட்டும். ‘ஈரப்பல்லி’ வேண்டாம், பல்லி செதிலுள்ள ஊர்வன, இது தவளையின் உறவு. நம் நாட்டில் சாலமாண்டர் உள்ள இடம் கிழக்கு இமயமலை, வடகிழக்கு மலைகள் பக்கம் மட்டும் என்ற வரியை முதல் பலகைக்கு மாற்றிவிட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் தேடலாமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

தலைப்பு: ‘ஹேமெஸ் மலைச் சாலமாண்டரின் உய்வாழிடம், 2013’. கீழே விளக்கம்: ‘இந்த இனம் தேறி வரத் தேவையான நிலம், சரணாலயம் அன்று.’ மறுப்பு உள்ளவர்கள் வியாழனுக்குள் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.