டேட்டாபேஸ்ல டீபக் லாக் (பிழை தேட உதவுற விரிவான பதிவு) எப்பவும் ஆன்லயே இருக்கணுமா? போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் பக்கத்து அனுபவங்கள்

முகிலன்:
வேண்டாம். எந்த அளவு செய்தியிலேர்ந்து லாக்ல எழுதணும்னு சொல்ற லாக்_மின்_மெசேஜஸ் செட்டிங் இயல்பா வார்னிங்ல இருக்கு, அங்கேயே இருக்கட்டும். டீபக்5 (இருக்கிறதுலயே விரிவான அளவு) வச்சா வெறும் "செலக்ட் 1"-க்கே ஸ்டார்ட்டிரான்சாக்‌ஷன், கமிட்டிரான்சாக்‌ஷன்னு வரி வரியா கொட்டும். எந்தக் குவெரி இழுக்குதுன்னு அதுல தெரியாது. அதுக்கு லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட் இருக்கு, வச்ச நேரத்துக்குக் குறையாம ஓடுற குவெரியை மட்டும் பதிவு பண்ணும். இயல்பா -1, அதாவது ஆஃப். 500 மில்லிசெகண்ட் வச்சு செட்டிங்கை மறுபடி படிக்க வைக்கிற பிஜி_ரீலோட்_கான்ஃப் ஓட்டினா போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். மறந்துபோய் 0 வச்சா எல்லாக் குவெரியும் விழும்.

தேன்மொழி:
டிஸ்க்கைச் சொல்லாம விட்டுட்டீங்களே. லாக்கிங் கலெக்டரை (லாக்கை ஃபைல்ல எழுதுற பிராசஸ்) ஆன் பண்ணி, டைரக்டரியை மாத்தலைன்னா லாக் ஃபைல் டேட்டா டைரக்டரிக்குள்ளயே விழும். பிஜி_வால் இருக்கிறதும் அங்கதான், மாற்றங்களை முதல்ல எழுதி வைக்கிற வால் பதிவு அதுலதான் இருக்கு. டிஸ்க் நிறைஞ்சு வால் எழுத முடியலைன்னா பேனிக், சர்வர் படுத்துடும். பதறிப்போய் லாக் ஃபைலை ஆர்எம் கட்டளையால அழிச்சாலும் இடம் திரும்பாது. கலெக்டர் அந்த ஃபைலைத் திறந்தே வச்சிருக்கும். ஃபைலை அழிக்காம காலியாக்குற ட்ரன்கேட் -எஸ் 0 அடிங்க. இன்னொண்ணு, கலெக்டர் ஒரு வரியையும் விடக்கூடாதுன்னே எழுதினது. அது பின்தங்கினா குவெரி ஓட்டுற பிராசஸ்தான் காத்து நிக்கும்.

அன்வர்:
எனக்கு டிஸ்க்கை விட பாஸ்வேர்டுதான் கவலை. லாக்_ஸ்டேட்மென்ட்டை டிடிஎல்-னு (டேபிள், யூசர் மாதிரி அமைப்பை மாத்துற கட்டளைகளை மட்டும் பதிவு பண்ண) வச்சாலே ஆல்டர் ரோல் கட்டளையில அடிச்ச பாஸ்வேர்டு அப்படியே லாக்ல உட்கார்ந்திருக்கும். போஸ்ட்கிரஸோட டெர்மினல் கருவியான பிஎஸ்கியூஎல்-ல \பாஸ்வேர்டு கட்டளையால மாத்துங்க, ஹாஷ் (பாஸ்வேர்டோட குறியீட்டு வடிவம்) மட்டும்தான் சர்வருக்குப் போகும். குவெரியோட தனியா அனுப்புற (பைண்ட் பண்ற) மதிப்புகளை மறைக்க லாக்_பாராமீட்டர்_மேக்ஸ்_லெங்த் 0. பதிப்பு 13-லேர்ந்து இருக்கு.

முகிலன்:
சரியான பாயிண்ட். இயல்பா ஆன் பண்ணணும்னா பதிப்பு 15-ல செஞ்ச மாதிரி செய்யணும்: செக்பாயிண்ட் (மெமரியில இருக்கிற மாற்றங்களை டிஸ்க்குல எழுதுறது) லாக் ஆன், 10 நிமிஷம் தாண்டின ஆட்டோவேக்கம் (பழைய வரிகளைத் தானா சுத்தம் பண்றது) மட்டும் பதிவு. வரிகள் கொஞ்சம்தான், எல்லாம் உதவுற வரிகள். லாக்_லாக்_வெயிட்ஸையும் சேர்த்துக்குங்க, 1 செகண்டுக்கு மேல பூட்டுக்குக் காத்திருக்கிறது யாருன்னு தெரியும். இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்-ல ஸ்லோ குவெரி லாக் இயல்பா ஆஃப். ஆன் பண்ணாலும் வரம்பு 10 செகண்ட். வெப்சைட்டுக்கு அது ரொம்ப ஜாஸ்தி, 1-க்கு இறக்குங்க.

தேன்மொழி:
டீபக் வேணும்னே வந்துட்டா ஆல்டர் ரோல் ... செட்-ல ஒரு யூசருக்கு மட்டும் ஏத்துங்க; அதைச் செய்றவர் சூப்பர்யூசரா இருக்கணும், இல்லைன்னா பதிப்பு 15-லேர்ந்து அந்த செட்டிங்குக்குத் தனி அனுமதி வாங்கியிருக்கணும். புது கனெக்‌ஷனுக்குத்தான் பிடிக்கும், அதனால ஆப் திறந்தே வச்சிருக்கிற கனெக்ஷன் பூலை மூடித் திறக்கலைன்னா ஒரு வரியும் வராது. கையால ஓட்டிப் பார்க்கிற குவெரின்னா செட் கிளையண்ட்_மின்_மெசேஜஸ் = டீபக்1. எல்லாம் உங்க டெர்மினல்லயே வரும், சர்வர் லாக்கைத் தொடவே வேண்டாம்.