புதுப்பிப்பு: அண்ணனின் மாத்திரையும் விட்ட சிகரெட்டும்

போன வாரம் கேட்டிருந்தேன்: காரைக்குடியில் அண்ணன் ஓலன்சபின் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுகிறார், சிகரெட்டை விட்டதிலிருந்து பகலெல்லாம் தூக்கம், மாத்திரையை நாங்களே பாதியாக்கலாமா என்று.

நல்லவேளை, கை வைக்கவில்லை. டாக்டரிடம் போனோம். சிகரெட் புகை கல்லீரலை முடுக்கிவிட்டு இந்த மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடுமாம். புகை நின்றால் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாக நிற்கும். காரணம் நிக்கோட்டின் இல்லை, புகைதான்! மாத்திரையின் அளவை டாக்டரே குறைத்தார். அண்ணன் மறுபடி புகைக்க ஆரம்பித்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும் என்றார்.

அப்புறம் சர்க்கரை, கொழுப்பு, எடை பார்க்கச் சொன்னார். எடை 6 கிலோ கூடியிருக்கிறது. ஆச்சியின் கந்தரப்பத்துக்கும் கவுனி அரிசிக்கும் இனி கணக்கு உண்டு. வீட்டில் அதற்குத்தான் பெரிய சண்டை. அண்ணன் இப்போது காலையிலேயே முகப்பில் பேப்பரோடு உட்கார்ந்துவிடுகிறார்.