மஸ்கிக்கு மான்முடி வாலா, இறகு வாலா?

ஏரிக்கரையான்:
வணக்கம். கனடாவில் ஒண்டாரியோவின் கவார்த்தா ஏரிகளில் மூன்று பருவங்களாக மஸ்கி என்னும் பெரிய வேட்டைமீனுக்குத் தூண்டில் வீசிவருகிறேன். பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று இங்கே சொல்வது மிகையில்லை என்பதற்கு நானே சாட்சி. இதுவரை என் படகுக்குள் வந்தவை இரண்டே. இந்தக் குளிர்காலத்தில் என் இரட்டைத் தகட்டு ஸ்பின்னர்களுக்கு, அதாவது இழுக்கும்போது கம்பியைச் சுற்றி உலோகத் தகடுகள் சுழலும் தூண்டில்களுக்கு, நானே வால் கட்டலாம் என்றிருக்கிறேன். மும்முனைத் தூண்டில் முள்ளைச் சுற்றிக் கட்டுவதற்கு வெண்வால் மானின் வால்முடி சிறந்ததா, சேவலிறகும் மராபூ என்னும் மெல்லிறகும் சிறந்தவையா? கடைக்காரரிடம் கேட்டேன், இரண்டையும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

மான்வால்:
மான்முடிதான், தம்பி. இந்த வகைத் தூண்டிலுக்கே பக்டெயில், அதாவது மான்வால், என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்த முடியின் அடிப்பகுதியில் காற்றறைகள் உண்டு. நூலை இறுக்கும்போது அது குடைபோல் விரியும். அந்த விரிவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருவதால், எவ்வளவு வேகமாகச் சுருட்டினாலும் வால் ஒட்டிப்போகாமல் பருத்த உருவத்தோடு வருகிறது, தூண்டிலையும் சற்று மேலேயே மிதக்கவைக்கிறது. கோடையில் உங்கள் ஏரிகளில் நீர்ச்செடிகள் நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே வரை வளர்ந்து நிற்குமே, அந்த ஓரடிக்குள் தூண்டிலை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த மிதப்பின் அருமை தெரியும். மராபூவைக் கட்டி அங்கே வீசினால் பத்து வீச்சுக்கு ஏழில் பச்சைப் பாசியைத்தான் பிரித்தெடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

பல்லையும் எண்ணிப் பாருங்கள். மஸ்கி ஒருமுறை கடித்தால் மான்முடியில் பத்திருபது இழைகள் போகும், நூற்றுக்கணக்கில் மீதமிருக்கும். இறகில் நடுத்தண்டு அறுந்தால் அந்த இறகே போயிற்று. எட்டு இறகு கட்டிய வாலில் ஒரே பக்கத்தில் இரண்டு போனால், மறுவீச்சில் வால் கோணலாக வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சேவலிறகு:
அண்ணா சொல்வதெல்லாம் தூண்டில் ஓடிக்கொண்டிருக்கும்வரை சரி. ஆனால் மஸ்கி பல நேரங்களில் தூண்டிலைப் படகுவரை பின்தொடர்ந்து வந்து, கடிக்கலாமா வேண்டாமா என்பதை அங்கேதான் முடிவுசெய்கிறது. அதனால்தான் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் கோலின் நுனியை நீருக்குள் விட்டு எட்டுப் போடுகிறோம். (ஊரில் லைசென்ஸுக்கு எட்டுப் போட்டபோது எனக்குக் கால் ஊன்றிவிட்டது, இங்கே அந்தப் பழி தீர்ந்தது.) எட்டின் வளைவில் வேகம் குறைகிறது, தகடு ஒரு கணம் தடுமாறுகிறது. அந்தக் கணத்தில் மான்முடி துடைப்பம்போல விறைத்து நிற்கும். சேவலின் முதுகிறகோ அப்போதும் அலைந்துகொண்டிருக்கும்.

மராபூ என்பது நாரை வகையைச் சேர்ந்த ஒரு பறவையின் பெயர் என்றாலும் இன்று அந்தப் பெயரில் விற்பது வான்கோழியின் இறகு. நனைந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தால் எலிவால்போல ஒட்டிக்கிடக்கும், வாங்கிய காசு வீண் என்றே தோன்றும். நீருக்குள் விட்டு மெல்ல இழுத்து ஒரு நொடி நிறுத்துங்கள். இழுக்கும்போது ஒடுங்கி, நிறுத்தியதும் விரிந்து, உயிருள்ள ஒன்று மூச்சுவிடுவதுபோல் இருக்கும். அக்டோபர் இறுதியில், நீர் குளிர்ந்து மீன் சோம்பியிருக்கும்போது, நாம் மெதுவாகத்தானே சுருட்டுகிறோம்?

நீளத்தையும் மறந்துவிடாதீர்கள். மான்வாலின் முடி பெரும்பாலும் நாலைந்து அங்குலத்தைத் தாண்டாது. அதைவிட நீண்டு மெலிந்த வால் வேண்டுமென்றால் இறகையோ மின்னும் ஃப்ளாஷபூ இழையையோதான் நாட வேண்டும்.

தகடுதான்:
இருவரும் வாலைப் பிடித்துக்கொண்டு தலையை மறந்துவிட்டீர்கள். மஸ்கியின் கீழ்த்தாடையைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் 6 முதல் 9 வரை சிறு துளைகள் இருக்கும்; அதன் உறவான வடக்கத்திப் பைக் மீனுக்கு 5 அல்லது அதற்கும் குறைவு. அவை நீரின் அதிர்வை உணரும் துளைகள். சராசரியாகப் பதினோரடி ஆழமே உள்ள செயின்ட் கிளேர் ஏரி காற்றில் கலங்கிவிட்டால், பத்தாம் எண் அளவுள்ள பெரிய தகடுகளின் இடியைக் கேட்டு வரும் மீன், வால் மானுடையதா கோழியுடையதா என்று விசாரிக்கப்போவதில்லை.

மான்வால்:
தகடும் வாலும் தனித்தனி அல்ல, நண்பரே. பின்னால் கட்டிய பருத்த வால் தண்ணீரில் இழுவையை உண்டாக்கி, கம்பியும் தகட்டோடு சேர்ந்து சுழன்று நூலை முறுக்கிவிடாமல் தடுக்கிறது. மெலிந்த இறகால் அதை அந்த அளவுக்குச் செய்ய முடியாது.

சேவலிறகு பெருமையாகச் சொன்ன நீளமே அவருக்கு எதிரான வாதம். முள்ளைத் தாண்டி மூன்று அங்குலம் நீண்ட வாலை மீன் நுனியில் கவ்விவிட்டுப் போகும். உங்கள் கையில் ஓர் அதிர்ச்சியும் அன்றைக்குச் சொல்ல ஒரு கதையும் மட்டுமே மிஞ்சும். இன்னொன்று: அமெரிக்காவில் விஸ்கான்சினின் ஆண்டிகோ நகரில் ஸ்பின்னர்கள் செய்யும் மெப்ஸ் நிறுவனம், இத்தனை செயற்கை இழைகள் வந்த பிறகும், வேட்டைக்காரர்களிடமிருந்து அணில் வால்களை விலைகொடுத்து வாங்குகிறது. முடிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சேவலிறகு:
அணில்முடி மான்முடியைவிட மெல்லியது, எளிதாக அலைவது. அண்ணா அழைத்துவந்த சாட்சி என் கட்சிக்காகப் பேசுகிறது.

நுனிக்கடி பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நானும் அதில் மீன்களை இழந்திருக்கிறேன். இப்போது முள்ளின் வளைவுக்குப் பின் கட்டைவிரல் அகலத்துக்கு மேல் இறகை விடுவதில்லை. நூல் முறுக்குக்கு நல்ல சுழல்வளையம் போதும், அதற்காக மானைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஏரிக்கரையான்:
இரண்டையும் கலந்து கட்டினால் என்ன?

சேவலிறகு:
கடைகளில் கிடைக்கிறது. மான்முடி விரியும்போது இறகைப் பக்கவாட்டில் தள்ளிவிடுவதால் எனக்குப் பிடிப்பதில்லை.

மான்வால்:
இதில் மட்டும் உடன்படுகிறேன்.

ஏரிக்கரையான்:
அப்படியென்றால் முதலில் ஒரு மான்வால் வாங்குகிறேன். நான் ஏரிக்குப் போவது பெரும்பாலும் ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான், அதுவும் செடிகளுக்கு மேலே வேகமாகச் சுருட்டுவதற்கு. படகோரத்தில் எட்டுப் போடுவதை நான் பாதி நேரம் மறந்துவிடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலையுதிர் காலத்தில் போக வாய்த்தால் சேவலிறகு அண்ணாவின் யோசனைப்படி மராபூ கட்டிப் பார்க்கிறேன். கட்டியதைப் பெட்டியில் எப்படி வைப்பது?

மான்வால்:
காயாமல் வைக்காதீர்கள்; கட்டுக்குள் தங்கும் ஈரம் முள்ளைத் துருப்பிடிக்கச் செய்யும். பெட்டியில் நசுங்கி வளைந்துவிட்டால், கொதிக்கும் கெண்டியின் ஆவியில் சிறிது நேரம் காட்டிவிட்டு விரலால் நீவிவிடுங்கள், முடி பழைய நிலைக்கு வந்துவிடும். வால் வாங்கும்போது பொட்டலத்தைப் பிரித்து, முடி நீளமாகவும் நுனி முறியாமலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சேவலிறகு:
கெண்டி ஆவி இறகுக்கும் பொருந்தும், தம்பி.