பீட்டர் சாட்மன் யார்? "எவ்ரி டே ஐ ஹேவ் த ப்ளூஸ்" பாட்டைப் பற்றி ஒரு கேள்வி

கதிர்_கீஸ்:
ப்ளூஸ் பாடகர், கிட்டார்க்காரர் பி.பி. கிங்கின் "லைவ் அட் த ரீகல்" ஆல்பத்தைத்தான் இந்த வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் பாட்டே "எவ்ரி டே ஐ ஹேவ் த ப்ளூஸ்". இயற்றியவர் பீட்டர் சாட்மன் என்று போட்டிருக்கிறது. அந்தப் பெயரில் தேடினால் ஆல்பம் எதுவும் வரவில்லை. எங்கே சுற்றினாலும் மெம்ஃபிஸ் ஸ்லிம் என்ற பியானோக்காரரிடம்தான் போய் நிற்கிறது. இருவரும் ஒரே ஆளா? நான் கிளாசிக்கல் பியானோ ஐந்தாம் கிரேடு முடித்தவன், ப்ளூஸ் பக்கம் இப்போதுதான் வருகிறேன். இவரிடமிருந்து தொடங்கலாமா?

ஞானம்_ஆர்கன்:
தம்பி, தாராளமாகத் தொடங்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பியானோக்காரர் அவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பெரும்பாலும் ஸ்லிம் ரெக்கார்டுதான் ஓடும்.

பீட்டர் சாட்மன் என்பது ஸ்லிமின் அப்பா பெயர். மகனின் பெயர் ஜான் லென் சாட்மன். 1915இல் மெம்ஃபிஸில் பிறந்தார். அப்பாவும் பாடுவார், பியானோவும் கிட்டாரும் வாசிப்பார். அமெரிக்காவின் தெற்கில் ஜூக் ஜாயின்ட் என்பார்களே, குடியும் ஆட்டமும் சேர்ந்த இடம், அதை நடத்தியவர். 1940இல் ஓகே என்ற ரெக்கார்டு கம்பெனிக்கு முதன்முதலாக ரெக்கார்டு செய்தபோது மகன் அப்பா பெயரையே போட்டுக்கொண்டார். அப்புறம் புளூபேர்டு கம்பெனிக்கு வந்ததும் தயாரிப்பாளர் லெஸ்டர் மெல்ரோஸ் அவருக்கு மெம்ஃபிஸ் ஸ்லிம் என்று பெயர் வைத்தார். மேடையில் அது ஒட்டிக்கொண்டது. ஆனால் பாட்டு எழுதியவர் என்ற இடத்தில் அதற்குப் பிறகும் அப்பா பெயர்தான். உலகம் முழுக்கப் பாடப்படும் ஒரு பாட்டில் அப்பாவின் பெயரை நிறுத்திவிட்டார் பாருங்கள், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

1930களில் மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில் வெஸ்ட் மெம்ஃபிஸிலும், தென்கிழக்கு மிசூரியிலும், சூதாட்ட விடுதி, நடனக்கூடம் என்று வாசித்துத் திரிந்தவர். பியானோக்காரர் ரூஸ்வெல்ட் சைக்ஸின் வாசிப்புதான் அவருக்கு முன்மாதிரி. 1939இல் சிகாகோ போனார். அடுத்த வருடமே கிட்டார் வாசித்துப் பாடும் பிக் பில் ப்ரூன்சியுடன் பியானோ வாசித்துவந்த ஜோஷுவா ஆல்தைமர் இறந்துபோக, அந்த இடத்துக்கு இவர் வந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஹவுஸ் ராக்கர்ஸ் என்று சொந்தக் குழு. 1948இல் "மெஸ்ஸின் அரௌண்ட்" ஆர்&பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

அவரைப் பற்றிப் பேசும்போது நான் விடவே மாட்டேன் என்கிற விஷயம் ஒன்று உண்டு. 1940களில் நாட்டுப்புற இசை சேகரித்த ஆலன் லோமாக்ஸ், ஸ்லிம், ப்ரூன்சி, ஹார்மோனிகா வாசித்த சன்னி பாய் வில்லியம்சன் மூவரையும் நியூயார்க்கில் ஒரு ஸ்டுடியோவில் உட்காரவைத்துப் பேசவிட்டார். ஆற்றங்கரை அணைகட்டும் முகாம்கள், கைதிகளைச் சங்கிலியில் பூட்டி வாங்கிய வேலை, கறுப்பின மனிதரின் உயிருக்கு அங்கே இருந்த விலை, எல்லாவற்றையும் பேசினார்கள். பேசியதைத் திருப்பிப் போட்டுக் கேட்டதும் மூவரும் பயந்துபோனார்கள். இது வெளியே தெரிந்தால் தெற்கில் இருக்கும் எங்கள் சொந்தபந்தங்களை விடமாட்டார்கள், பெயரைச் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். 1959இல்தான் அது ரெக்கார்டாக வந்தது, அதுவும் புனைபெயர்களில். ஸ்லிம் அதில் "லிராய்". மூவரும் இறந்த பிறகு, 1990இல் வந்த பதிப்பில்தான் உண்மைப் பெயர்கள் இருந்தன. அப்பா பெயர், கம்பெனி வைத்த பெயர், பயத்துக்காக வைத்த பெயர் என்று ஒரு மனிதருக்கு எத்தனை.

1960இல் பாஸ் வாசிக்கும் வில்லி டிக்சனுடன் ஐரோப்பா போனார். 1962இல் அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல் என்ற சுற்றுப்பயணக் குழுவுடன் மறுபடியும் போனவர், அந்த வருடமே பாரிஸில் குடியேறிவிட்டார். லத்தீன் குவார்ட்டரில் உள்ள லே ட்ருவா மாய்யே கிளப்பில் பல வருடம் வாசித்தார். அமெரிக்காவில் ரசிகர்கள் இல்லாததால் போய்விட்டார் என்று சிலர் எழுதுகிறார்கள், நான் அதை ஏற்கமாட்டேன். சொந்த ஊரில் நடந்ததைச் சொல்லவே பெயரை மறைக்க வேண்டியிருந்த மனிதருக்கு, நிமிர்ந்து நடக்க ஒரு ஊர் வேண்டியிருந்தது. பிரான்ஸ் அவருக்குக் கலை, இலக்கிய விருது கொடுத்துக் கௌரவித்தது. 1988 பிப்ரவரியில் பாரிஸில் இறந்தார். அடக்கம் செய்தது மெம்ஃபிஸில்.

மீனா_78ஆர்பிஎம்:
ஞானம் சார், அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஸ்பார்க்ஸ் சகோதரர்களை விட்டுவிட்டீர்களே! செயின்ட் லூயிஸ் பக்கத்து பியானோக்காரர் பைன்டாப் ஸ்பார்க்ஸ் 1935லேயே இந்தப் பாட்டை ரெக்கார்டு செய்துவிட்டார். கூடக் கிட்டார் ஹென்றி டவுன்சென்ட். குரலை உச்சத்துக்கு ஏற்றிப் பாடியிருப்பார். அந்த முதல் வரி அங்கேயே இருக்கிறது. கதிர், அதையும் தேடிக் கேளுங்கள். சாட்மன் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தினால் ஸ்பார்க்ஸுக்கு அநியாயம்.

ஞானம்_ஆர்கன்:
மீனா சொல்வது சரி, அதைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஸ்லிம் தொடக்க அடியை அங்கிருந்து எடுத்தார். தன்னை நேசிக்க யாருமில்லை, கவலைப்படவும் யாருமில்லை என்று தொடரும் வரிகள் அவருடையவை. அவர் ரெக்கார்டில் தலைப்பே "நோபடி லவ்ஸ் மி"தான். மிராக்கிள் கம்பெனி 1949இல் "ஏஞ்சல் சைல்ட்" ரெக்கார்டின் பின்பக்கத்தில் போட்டது. விற்றது முன்பக்கம்! 1950இல் லோவெல் ஃபுல்சன் பாடிய பிறகுதான் இது ஊரறிந்த பாட்டானது. 1955இல் கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் ஜோ வில்லியம்ஸும், அதே வருடம் பி.பி. கிங்கும் பாடினார்கள்.

கதிர்_கீஸ்:
நன்றி சார், நன்றி மீனா அக்கா. அந்தப் பின்பக்கத்தைக் கேட்டேன், கிங்கின் வேகம் இதில் இல்லை, ஆனால் மனதை விட்டுப் போகவில்லை. வாசிக்க எதில் தொடங்கட்டும்? இடது கை என்னால் முடியுமா?

ஞானம்_ஆர்கன்:
முடியும். முதலில் "மதர் எர்த்" கேளுங்கள், 1951. மெதுவான பாட்டு. எவ்வளவு சேர்த்தாலும் கடைசியில் மண்ணுக்குத்தான் என்பதுதான் பொருள். நம் ஊரில் ஆறடி நிலம் என்று சொல்லிச் சொல்லிக் கேட்டவர்களுக்கு முதல் தடவையே உள்ளே இறங்கிவிடும். அப்புறம் 1959இல் வந்த "அட் த கேட் ஆஃப் ஹார்ன்". பெயர் ஒரு கிளப்பினுடையது, பதிவு ஸ்டுடியோவில்தான். மேட் மர்ஃபி கிட்டார் வாசிக்கிறார். அவருடைய கிட்டாருக்கு இடம் விட்டு ஸ்லிம் எப்படிப் பின்வாங்குகிறார் என்று கவனியுங்கள், பியானோ படிப்பவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

வாசிக்க சி மேஜர் போதும். நாலு பார் (தாளக் கட்டு) சி கார்டு, இரண்டு எஃப், இரண்டு சி, ஒன்று ஜி, ஒன்று எஃப், கடைசி இரண்டு சி. மொத்தம் பன்னிரண்டு. இடது கையில் பாருக்கு எட்டு அடி. கிரேடு பரீட்சைப் பழக்கத்தில் எட்டையும் ஒரே அளவாக அடிப்பீர்கள், அது வேண்டாம். ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது கொஞ்சம் நீளம், அடுத்தது குறைவு. வலது கையில் ஈ ஃப்ளாட்டிலிருந்து ஈக்கு வழுக்கிவிடுங்கள். அந்த வழுக்கலை ஸ்லிமிடம் எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சலிக்காது. இடது கை தானாக ஓடும்வரை வலது கையைச் சேர்க்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தபின் பாடிக்கொண்டே வாசியுங்கள். பாட்டு வரி முடிந்து நீங்கள் மூச்சு வாங்கும் இடம்தான் வலது கைக்கு உரியது.